காயத்துக்குச் சாட்சி கேட்ட அரசு: அமெரிக்க உள்நாட்டுப் போரின் கறுப்பினப் படைவீரர்களும் ஓய்வூதியமும்



இந்த மேடையில் பெரும்பாலும் நம் ஊர், நம் மக்கள், நம் போராட்டம் பற்றியே பேசுவது வழக்கம். இன்று நான் கடல் கடந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்து போரிட்ட கறுப்பின வீரர்கள், போர் முடிந்த பின் ஓய்வூதியத்துக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்த வரலாறு அது. நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். மகாத்மா ஜோதிராவ் ஃபுலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. அவைக்கு அளித்திருந்த மனுவின் பிரதியை அதில் கேட்டார். அவர்களுடைய மனுவிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று அண்ணல் அன்றே நினைத்திருக்கிறார். நானும் இன்று மனுக்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஓய்வூதியச் சட்டம் கறுப்பருக்கு ஒரு தொகை, வெள்ளையருக்கு ஒரு தொகை என்று பிரிக்கவில்லை. சட்டத்தின் முன் இருவரும் சமம். ஆனாலும் ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்கு மறுக்கப்பட்டது. இது எப்படி நடந்தது? சட்டப் புத்தகத்தில் இடம் இல்லாத பாகுபாடு, சான்று கேட்கும் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுத்தையும், குடும்பப் பெயரையும், திருமணத்தையும் ஒரு மக்களுக்கு மறுத்து வைத்திருந்த நாடு, பிறகு அவை எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்டது.

ஏழு டாலர் சிப்பாய்

வடக்கின் தரைப்படையில் சுமார் 1,79,000 கறுப்பின ஆண்கள் சேர்ந்தார்கள். கடற்படையில் ஏறக்குறைய 19,000 பேர். தரைப்படையில் பத்துப் பேருக்கு ஒருவர் கறுப்பர். அவர்களில் பெரும்பான்மையோர் நேற்று வரை அடிமைகளாக இருந்தவர்கள். கறுப்பின மனிதன் ஒருமுறை சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்திவிட்டால், அவனுடைய குடியுரிமையை எவராலும் மறுக்க முடியாது என்று ஃபிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவருடைய மகன்கள் லூயிஸும் சார்லஸும் மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார்கள்.

சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு, 1862 ஜூலையில் வந்த சட்டத்தின்படி 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம் போக, கையில் வந்தது 7 டாலர். மாசசூசெட்ஸ் 54, 55ஆம் படைப்பிரிவினர் இந்தச் சம்பளத்தை வாங்க மறுத்தார்கள். குறைகிற தொகையை மாநில அரசு தன் கையிலிருந்து தருகிறோம் என்றபோதும் மறுத்தார்கள். அவர்கள் கேட்டது சம மதிப்பு. தென் கரோலினாவில் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர் தன் தோழர்களோடு ஆயுதங்களைக் கீழே வைத்து, சம ஊதியம் இல்லையென்றால் வேலை செய்ய மாட்டோம் என்றார். அதைக் கலகம் என்று சொல்லி 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே ஆண்டு ஜூனில் சம ஊதியச் சட்டம் வந்தது. அதற்குள்ளும் ஒரு நிபந்தனை இருந்தது. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதனாக இருந்தவனுக்கு, படையில் சேர்ந்த நாள் முதல் நிலுவை உண்டு. அன்று அடிமையாக இருந்தவனுக்கு 1864 ஜனவரி முதல்தான் சம ஊதியம். ஒரே போர்க்களத்தில் ஒரே குண்டுக்கு முன் நின்றவர்களிடம், ‘அன்று நீ யாருக்குச் சொந்தம்?’ என்று அரசு கேட்டது. 54ஆம் படைப்பிரிவின் தளபதி எட்வர்ட் ஹாலோவெல் ஒரு வழி கண்டார். அந்தத் தேதியில் எந்த மனிதனுக்கும் தாங்கள் கூலியில்லா உழைப்புக் கடன்பட்டிருக்கவில்லை என்று வீரர்களைச் சத்தியம் செய்ய வைத்தார். அடிமையாய்ப் பிறந்தவனும் மனச்சாட்சி உறுத்தாமல் எடுக்கக்கூடிய சத்தியம் அது. எந்த மனிதன் இன்னொருவனுக்கு இலவச உழைப்புக் கடன்பட்டிருக்கிறான்? மற்றப் படைப்பிரிவுகளில் விடுபட்டவர்களுக்கு 1865 மார்ச் மாதத்தில்தான் நிலுவை கிடைத்தது.

ஓய்வூதியத்துக்கு வரும் முன்பே, சான்றை வைத்து மனிதர்களைப் பிரிக்கும் வேலை இப்படித் தொடங்கிவிட்டது.

தோட்டாவுக்கு ஒரு நியாயம், நோய்க்கு ஒரு நியாயம்

1862 ஜூலை 14 அன்று நிறைவேறிய ஓய்வூதியச் சட்டம், போர்ப்பணியில் ஏற்பட்ட காயத்தால் அல்லது நோயால் உடல் உழைப்புக்கு முற்றிலும் தகுதியிழந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் தந்தது. உயர் அதிகாரிக்கு 30 டாலர். கறுப்பர்களில் மிகச் சிலரைத் தவிர யாருக்கும் அதிகாரிப் பதவி தரப்படவில்லை. ஆகவே பதவியை வைத்து அளக்கும் சட்டத்தில் அவர்களுக்கு அடிமட்டத் தொகைதான் வாய்த்தது. 1866இல் ஒரு கையோ ஒரு காலோ இழந்தவருக்கு 15 டாலர் என்றும், இரு கைகளையோ இரு கண்களையோ இழந்தவருக்கு 25 டாலர் என்றும் விகிதம் வகுத்தார்கள்.

கை போனவன் சட்டையை விலக்கிக் காட்டினால் போதும், எந்த மருத்துவரும் மறுக்க முடியாது. ஆனால் கறுப்பின வீரர்களை உருக்குலைத்தது பெரும்பாலும் தோட்டா அல்ல. போரில் இறந்த கறுப்பின வீரர்கள் சுமார் 40,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 30,000 பேரைக் கொன்றது நோய். காரணம் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. பல கறுப்பினப் படைப்பிரிவுகளைச் சண்டைக்கு அனுப்புவதைவிட, பதுங்குகுழி வெட்டவும், கோட்டைச் சுவருக்கு மண் சுமக்கவும், மூட்டை இறக்கவும், சதுப்பு நிலக் காவலுக்குமே அதிகம் பயன்படுத்தினார்கள். அதில் அவர்களுக்குக் கிடைத்தவை குடலிறக்கம், மூட்டுவாதம், முதுகுவலி, மலேரியா, நுரையீரல் நோய். சீருடை மாறியிருந்தது, வேலை மாறவில்லை.

இந்த நோய்கள் எதுவும் பார்த்தவுடன் தெரிவதில்லை. இது போர்ப்பணியில் வந்ததா, முன்பே இருந்ததா, பின்னால் வந்ததா என்று ஓய்வூதியப் பணியகம் கேட்டது. படை மருத்துவமனைப் பதிவேட்டைக் காட்டு என்றது. கறுப்பினப் படைப்பிரிவுகளுக்குப் போதிய மருத்துவர்கள் இல்லை. சிகிச்சையே கிடைக்காதவனுக்குப் பதிவேட்டில் பெயர் எங்கிருந்து வரும்? அதிகாரியின் சான்று கொண்டுவா என்றது. அதிகாரிகள் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்கள். போர் முடிந்ததும் வடக்கே தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டவர்கள். மிசிசிப்பியில் பருத்தி வயலில் குத்தகை உழவனாக இருப்பவன் அவர்களை எங்கே போய்த் தேடுவான்? அதிகாரி கிடைக்காவிட்டால் உடனிருந்த வீரர்கள் இருவரின் பிரமாணப் பத்திரம் கொண்டுவரலாம். அவர்களோ கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போடுகிறவர்கள். அவர்கள் சொல்லை நம்பலாமா என்று சிறப்பு விசாரணை அதிகாரி தன் குறிப்பில் எழுதுவார். அந்த ஒரு வரியில் மனு நின்றுபோகும்.

இதற்கு நடுவில் தரகர்கள் வேறு. மனு எழுதித் தரும் தரகர் 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை யார் எண்ணினார்கள்? பிரமாணம் எடுக்கப் பயணம், மருத்துவக் குழுவின் முன் நிற்கப் பயணம், சாட்சியை அழைத்துவரச் செலவு. 8 டாலருக்காக அலைகிறவன், அதைப் பார்ப்பதற்கு முன்பே கடனாளி ஆனான்.

பெயர், வயது, மனைவி

படையில் சேரும்போது எழுத்தர் பெயர் கேட்டார். அடிமையாக இருந்தவன் தெரிந்த பெயரைச் சொன்னான். அது பெரும்பாலும் ஆண்டையின் குடும்பப் பெயர். போர் முடிந்து சுதந்திர மனிதனாக நின்றபோது அந்தப் பெயரை உதறிவிட்டுத் தந்தையின் பெயரைச் சூடிக்கொண்டான். விடுதலையின் முதல் செயலே பெயரை மாற்றிக்கொள்வதுதான் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் ஓய்வூதியப் பணியகத்தில் அது ஆள்மாறாட்டச் சந்தேகமாகப் பதிவானது. படைப் பட்டியலில் ஒரு பெயர், மனுவில் வேறு பெயர். ‘நீதான் அவன் என்பதற்கு என்ன ஆதாரம்?’

பிறகு வயது. 1907இல் வந்த சட்டம் 62 வயதானவருக்கு மாதம் 12 டாலர், 70க்கு 15, 75க்கு 20 என்று வயதையே அடிப்படையாக்கியது. அடிமைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயது சொன்னதுபோல, அவர்கள் 1833இல் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டிய இரவை வைத்து வயது கணக்கிட்டார்கள். ஆண்டையின் சொத்துக் கணக்கில் ஆடுமாடுகளோடு அவர்கள் பெயர் எழுதப்பட்டிருந்தால் உண்டு. சில வழக்குகளில் விசாரணை அதிகாரிகள் பழைய ஆண்டைகளிடமே போய் வாக்குமூலம் வாங்கினார்கள். யாருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினானோ, அவனே இவனுடைய வயதுக்குச் சாட்சி.

மூன்றாவது, மனைவி. அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. சட்டப்படி மனைவி இல்லையென்றால் விதவை ஓய்வூதியமும் இல்லை. 1864 ஏப்ரலில் டென்னசியின் பில்லோ கோட்டையில் கறுப்பின வீரர்களைத் தென்படை படுகொலை செய்தது. அங்கே இறந்த வெள்ளைத் தளபதியின் மனைவி மேரி பூத், ஆப்ரகாம் லிங்கனை நேரில் பார்த்து, தனக்குக் கிடைப்பது தன் கணவரோடு இறந்த கறுப்பின வீரர்களின் மனைவியருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டார். அந்த ஜூலையில் சட்டம் மாறியது. இரண்டாண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்ததைச் சாட்சிகள் சொன்னால் போதும் என்றானது. 1866இல் அந்த இரண்டாண்டு நிபந்தனையும் நீங்கியது.

கதவு திறந்தது. ஆனால் வாசலில் விசாரணை நின்றது. யார் முன்னிலையில் கைப்பிடித்தீர்கள், முதல் கணவன் விற்கப்பட்டுப் போனானே, அவன் உயிரோடு இருக்கிறானா, இப்போது வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். விதவை இன்னொரு ஆணோடு வாழ்ந்தால் ஓய்வூதியம் ரத்து என்று 1882இல் சட்டமே வந்தது. மாதம் எட்டு டாலருக்காக ஒரு பெண் தன் படுக்கையறையைப் பற்றி அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஹாரியட் டப்மனின் கதையில் இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. போரின்போது அவர் செவிலி, சமையற்காரர், படைக்கு வழிகாட்டி, உளவாளி. 1863 ஜூன் மாதம் கம்பாஹி ஆற்றில் நடந்த தாக்குதலுக்கு வழிகாட்டி, ஒரே இரவில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையாகக் காரணமானவர். அந்தப் பணிக்காக ஓய்வூதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியும் கிடைக்கவில்லை. அவருடைய கணவர் நெல்சன் டேவிஸ் கறுப்பினப் படைப்பிரிவில் இருந்தவர். 1888இல் இறந்துபோனார். அதன் பிறகு விதவை என்ற முறையில் டப்மன் மனுக் கொடுத்தார். கணவர் படையில் சேர்ந்தது ஆண்டையின் பெயரான சார்லஸ் என்பதில். டேவிஸ் என்பது தந்தையின் பெயர். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. தன் முதல் கணவர் இறந்துவிட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1895இல் மாதம் 8 டாலர் வந்தது. 1899இல் நாடாளுமன்றம் அதை 20 டாலராக உயர்த்தியது. உளவாளியாகவும் வழிகாட்டியாகவும் செய்த பணிக்கென்று கடைசிவரை தனி ஓய்வூதியம் இல்லை.

சூசி கிங் டெய்லர் என்ற இன்னொரு பெண், கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை பார்த்தார், வீரர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பதிவேட்டில் அவரைச் சலவைத் தொழிலாளி என்று எழுதியிருந்தார்கள். 1892இல் போர்ச் செவிலியருக்கு மாதம் 12 டாலர் என்று சட்டம் வந்தபோது, அவர் செவிலிக் கணக்கில் வரவில்லை. அவர் 1902இல் தன் போர்க்கால நினைவுகளை நூலாக வெளியிட்டார்.

நாலில் மூன்று பேர்

1890இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 90 நாள் பணியாற்றி நல்லபடியாக விடுவிக்கப்பட்டவர் எவரும், எந்தக் காரணத்தால் உடல் நலிந்திருந்தாலும் 6 முதல் 12 டாலர் வரை பெறலாம் என்று சட்டமானது. போர்ப்பணியில்தான் நோய் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கறுப்பின வீரர்கள் பெருமளவில் மனுச் செய்தது இதன் பிறகுதான். ஒரு நிபந்தனையை எடுத்தால் எத்தனை ஆயிரம் பேர் உள்ளே வர முடிகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். இந்தச் சட்டம் தானாக வரவில்லை. நான்கு லட்சம் உறுப்பினர்களைக் கொண்ட முன்னாள் வீரர்களின் சங்கம், குடியரசின் பெரும்படை, தேர்தல் தேர்தலாக அழுத்தம் கொடுத்து வாங்கியது. அந்தச் சங்கத்தில் கறுப்பரும் உறுப்பினர்கள். தெற்கில் கிளைகள் நிறவாரியாகப் பிரிந்துதான் கிடந்தன. 1893இல் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் ஓய்வூதியம் பெற்றார்கள். ஒன்றிய அரசின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போனது.

டொனால்ட் ஷாஃபர் என்ற வரலாற்றாசிரியர் இருதரப்பு மனுக்களிலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டிருக்கிறார். ஒருமுறையேனும் மனு வென்ற வெள்ளை வீரர்கள் 100க்கு சுமார் 92 பேர். கறுப்பின வீரர்கள் சுமார் 75 பேர். விதவைகளில் வெள்ளையர் சுமார் 84, கறுப்பர் சுமார் 61. மகனை இழந்த பெற்றோரில் வெள்ளையர் ஏறக்குறைய 70, கறுப்பர் 36. சான்று தேடி எவ்வளவு தூரம் அடிமைக் காலத்துக்குள் போக வேண்டுமோ, அவ்வளவு தூரம் இடைவெளியும் அகலமாகிறது. வீரனுக்குப் படைப் பட்டியலாவது இருந்தது. விதவைக்கு அடிமைக் காலத் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. பெற்றோருக்கோ, இவன் எங்கள் பிள்ளை என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது.

இதே எண்களை இன்னொரு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். எழுத்தறிவும் பணமும் அதிகாரத்தில் ஆளும் இல்லாத மக்கள், இத்தனை தடைகளைத் தாண்டி நாலில் மூன்று பேர் வென்றார்கள். தெற்கில் வாக்குரிமை பறிபோன காலத்தில், கொலைக் கும்பல்கள் ஊர் சுற்றிய காலத்தில், வெள்ளையருக்கு இருந்த அதே சட்டத்தின்கீழ், அதே விகிதத்தில் வாஷிங்டனிலிருந்து அவர்கள் பெயருக்குப் பணம் வந்தது. ஆண்டை தயவு இல்லாமல் வந்த பணம்.

விசுவாசத்துக்கு ஓய்வூதியம், உழைப்புக்குச் சிறை

இந்தக் கதைக்கு இரண்டு ஒட்டுக்கிளைகள் உண்டு. தோற்ற தென்மாநிலங்கள் தங்கள் வீரர்களுக்குத் தாங்களே ஓய்வூதியம் தந்தன. மிசிசிப்பி 1888லேயே, ஆண்டையோடு போர்முனைக்குப் போன கறுப்பினப் பணியாட்களையும் சேர்த்துக்கொண்டது. டென்னசி, தென் கரோலினா, வர்ஜீனியா, வட கரோலினா ஆகியவை 1920களில் சேர்த்துக்கொண்டன. அங்கே நிரூபிக்க வேண்டியது காயத்தையல்ல, விசுவாசத்தை. ஆண்டையை விட்டு ஓடாமல் இருந்தேன் என்று ஒரு முதியவர் வெள்ளையர் சாட்சியோடு சொன்னால் சில டாலர் கிடைக்கும். பசி ஒரு மனிதனை எதற்கெல்லாம் கையெழுத்துப் போட வைக்கும் என்பதற்கு அந்த விண்ணப்பங்கள் சாட்சி. அவற்றைக் காட்டித்தான் இன்றும் சிலர், அடிமைகள் தெற்குக்காக மனமுவந்து போரிட்டார்கள் என்று வாதாடுகிறார்கள்.

இன்னொன்று காலி ஹவுஸின் கதை. நாஷ்வில் நகரில் துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்த, அடிமையாகப் பிறந்த பெண். காயம்பட்ட வீரனுக்கு ஓய்வூதியம் உண்டென்றால், ஆயுள் முழுக்க கூலியின்றி உழைத்துக் காயம்பட்டவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். முன்னாள் அடிமைகளின் சங்கத்தை முன்னின்று நடத்தினார். உறுப்பினர்கள் சென்ட் சென்ட்டாகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் அது நடந்தது. அவர்கள் ஆதரித்த மசோதா, 70 வயது கடந்தவருக்கு 500 டாலர் ஒட்டுமொத்தத் தொகையும் மாதம் 15 டாலரும் கேட்டது. போர்வீரர் ஓய்வூதியத்தின் அச்சிலேயே வார்த்த கோரிக்கை. அரசு விவாதிக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காத ஒன்றுக்காகப் பணம் திரட்டுவது மோசடி என்றது. 1899இல் தபால் துறை அவர்கள் கடிதங்களைத் தடுத்தது. 1917இல் தபால் மோசடி வழக்கில் அவருக்கு ஓராண்டுச் சிறை. மனுப் போடக் கூட்டம் சேர்ப்பதே குற்றமாயிற்று.

நமக்கு என்ன இருக்கிறது

படையும் ஓய்வூதியமும் நம் வரலாற்றிலும் உண்டு. அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் ஓய்வூதியம் பெற்ற சுபேதார். மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டபோது 1894இல் மனு எழுதிய கோபால் பாபா வலங்கரும் ஓய்வுபெற்ற படைவீரர். மாதம் தவறாமல் வந்த அந்தச் சிறு தொகை, ஆண்டையின் களத்துமேட்டை நம்பாமல் வாழவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், மனு எழுதவும் ஒரு தலைமுறைக்கு நிலம் கொடுத்தது.

இன்று, 1993க்குப் பிறகு கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் ஒப்பந்தக்காரரின் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஒருவர், அந்தக் குழிக்குள் வேலைக்காகத்தான் இறங்கினார் என்று யார் நிரூபிப்பது? அவருடைய மனைவி நிற்கும் இடமும் 1880களில் டென்னசியில் ஒரு விதவை நின்ற இடமும் ஒன்றுதான்.

ஆகவே சட்டம் கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. சான்றின் சுமை யார் தலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு சட்டத்திலும், ஒவ்வொரு அரசாணையிலும் பார்க்க வேண்டும். பதிவேட்டை வைத்திருக்கக் கடமைப்பட்டவன் அதை வைக்காதபோது, நிரூபிக்கும் பொறுப்பும் அவனுக்கே என்று கேட்க வேண்டும். 1890இல் ஒரே ஒரு நிபந்தனை விழுந்ததும் என்ன நடந்தது என்பது நம் வாதத்துக்கு உதவும்.

மாணவத் தோழர்களுக்கு இன்னொன்று. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த ஓய்வூதியக் கோப்புகள் இன்றும் இருக்கின்றன. ஆளை நம்பாத விசாரணை அதிகாரி, நம்பாததாலேயே எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். எந்தப் பண்ணையில் பிறந்தேன், அம்மாவை எங்கே விற்றார்கள், யார் வீட்டுத் திண்ணையில் எங்களுக்குத் திருமணம் நடந்தது, எந்தக் குழி வெட்டும்போது குடல் சரிந்தது. அடிமையாக இருந்த எளிய மக்களின் வாழ்க்கை அவர்கள் வாய்மொழியாகவே இவ்வளவு விரிவாகப் பதிவான இடம் மிகக் குறைவு. பணம் மறுக்கப்பட்டவர்களின் குரலும் அந்தக் கோப்புகளில் இருக்கிறது.

நம் ஊர்களில் அப்படிப்பட்ட கோப்பு அரசிடம் இருக்காது. அதை நாம்தான் உருவாக்க வேண்டும். ஒரு சாவு நடந்தால், ஒரு காயம் பட்டால், அன்றே போய் உடனிருந்தவர்களின் பெயர், அன்றைய வேலை, வேலைக்கு அழைத்தவர், நேரம் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, மூன்று பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று குடும்பத்திடம், ஒன்று அமைப்பிடம், ஒன்று மனுவோடு. பத்து வருடம் கழித்து ஒரு அதிகாரி ஆதாரம் எங்கே என்று கேட்கும்போது, அந்தப் பெண் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

ஜெய் பீம்.